"நல்லா இருக்கு" என்பதற்குப் பிறகு: ஒரு குழந்தையின் நெருக்கப் படத்துக்குக் கருத்துக் கேட்பதும் சொல்வதும்



என் வகுப்பில் நான் செய்த ஒரு தவற்றிலிருந்து இந்தக் கட்டுரையைத் தொடங்குகிறேன்.

உயர்நிலை மூன்று மாணவர்களுக்கு ஒரு வார இறுதி வேலை கொடுத்திருந்தேன். "குடும்பத்தோட லிட்டில் இந்தியா பக்கம் போனா ஒரு படம் எடுத்துட்டு வாங்க. அதைப் பத்தி வகுப்புல தமிழ்ல பேசணும்." ஒரு மாணவன் தன் ஐந்து வயதுத் தங்கையைக் கேம்பல் லேன் பூக்கடை முன்னால் நிற்கவைத்து, முகம் மட்டும் தெரியும்படி மிக நெருக்கத்தில் ஒரு படம் எடுத்து வந்தான். படத்தைத் திரையில் காட்டினோம்.

"சூப்பர்டா" என்றான் ஒருவன். "கியூட்டா இருக்கா" என்றாள் ஒருத்தி. மூன்றாவதாக ஒரு குரல்: "ஏன்டா இவ்ளோ கறுப்பா இருக்கா? கொஞ்சம் பிரைட் பண்ணுடா." வகுப்பு சிரித்தது. அந்த மாணவன் சட்டென்று படத்தை மூடிவிட்டான். நானும், "நல்லா இருக்குப்பா, அடுத்து யாரு?" என்று சொல்லி நகர்ந்துவிட்டேன்.

வகுப்பு முடிந்ததும் அவன் வந்து கேட்டான்: "டீச்சர், எது நல்லா இருக்குன்னு சொன்னீங்க?"

என்னிடம் பதில் இல்லை. நான் படத்தைச் சரியாகப் பார்க்கவே இல்லை. மூன்று மாணவர்கள் சொன்னதும் கருத்து அல்ல, நான் சொன்னதும் கருத்து அல்ல. அவற்றில் ஒன்று, அங்கே இல்லாத ஒரு சிறுமியைக் காயப்படுத்தும் சொல். அதை நான் திருத்தவும் இல்லை. அந்தக் கேள்விக்குப் பிறகு நான் படித்ததையும், வகுப்பில் செய்து பார்த்ததையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன். வாய்மொழித் தேர்வுக்கும் கட்டுரைக்கும் இது நேரடியாகப் பயன்படும்.

ஒரு படம், இரண்டு கருத்துகள்

உலகம் முழுவதும் அறிந்த ஒரு நெருக்கப் படத்தை எடுத்துக்கொள்வோம். 1984ஆம் ஆண்டு பாகிஸ்தானின் பெஷாவர் நகருக்கு அருகே, நாசிர் பாக் அகதி முகாமில், ஒரு பள்ளிக் கூடாரத்தில் இருந்த ஆப்கானியச் சிறுமியை ஸ்டீவ் மெக்கரி என்ற அமெரிக்க ஒளிப்படக்காரர் படம் எடுத்தார். சிறுமிக்கு அப்போது 12 வயது இருக்கலாம். கிழிந்த சிவப்பு முக்காடு, பச்சைக் கண்கள், கேமராவை நேராகப் பார்க்கும் பார்வை. 1985 ஜூன் மாத நேஷனல் ஜியோகிராஃபிக் இதழின் அட்டையில் அந்தப் படம் வந்தது.

அட்டைக்கு அந்தப் படம் எளிதாக வந்துவிடவில்லை. மெக்கரி அந்தச் சிறுமியை ஒன்றுக்கு மேற்பட்ட படங்கள் எடுத்திருந்தார். ஒன்றில் அவள் முக்காட்டை இழுத்து முகத்தின் கீழ்ப்பாதியை மறைத்திருக்கிறாள். இதழின் படத் தொகுப்பாளருக்கு அந்த நேர்ப்பார்வைப் படம் மனத்தைத் தொந்தரவு செய்வதாகப் பட்டது, மற்றதையே விரும்பினார். முதன்மை ஆசிரியராக இருந்த பில் கேரட் இரண்டையும் பார்த்துவிட்டு நேர்ப்பார்வைப் படத்தைத் தேர்ந்தெடுத்தார். மெக்கரியே பின்னாளில் இதைச் சொல்லியிருக்கிறார்.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. ஒன்று, ஒரே படத்தைப் பற்றி அனுபவம் மிக்க இருவர் மாறுபடலாம். தொந்தரவு செய்கிறது என்று ஒருவர் சொன்ன அதே பண்பு இன்னொருவருக்குப் படத்தின் பலமாகத் தெரிந்தது. இரண்டு, பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னொரு படம் இருந்ததால்தான் அந்தக் கருத்து வேறுபாடு பயன்பட்டது.

மூன்றாவது பாடமும் உண்டு. அது தாமதமாக வந்தது. அந்தச் சிறுமியின் பெயரை யாரும் குறித்து வைக்கவில்லை. 17 ஆண்டுகள் கழித்து, 2002இல்தான் அவரைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். அவர் பெயர் ஷர்பத் குலா. உலகமே பார்த்த தன் படத்தை அவர் பார்த்தது அப்போதுதான். முன்பின் தெரியாத ஒருவர் படம் எடுத்தது தனக்குக் கோபமாக இருந்ததை அவர் நினைவுகூர்ந்தார். அந்தப் பார்வையைப் பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ கருத்துச் சொன்னார்கள். பார்வைக்குச் சொந்தக்காரரை யாரும் கேட்கவில்லை.

குழந்தையின் படத்தைப் பற்றிப் பேசும்போது இதை மறக்கக்கூடாது. படத்தில் இருப்பவர் ஒருவர், எடுத்தவர் ஒருவர், பார்ப்பவர் ஒருவர். நம் கருத்து படத்தின் மீது விழ வேண்டும். குழந்தையின் மீது விழக்கூடாது.

கேட்பது எப்படி?

"எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். குற்றம் பதில் சொன்னவர்மேல் இல்லை. கேள்வி அப்படிப்பட்டது. நல்ல கருத்து வேண்டுமானால் கேட்பவர் மூன்று விஷயங்களைத் தயார் செய்ய வேண்டும்.

1. நோக்கத்தைச் சொல்லுங்கள். பாட்டிக்கு அனுப்ப எடுத்த படமா, பள்ளிக் கண்காட்சிக்கா, கட்டுரைக்குத் துணையா? பாட்டிக்கு அனுப்பும் படத்தில் முடி கலைந்திருந்தால் குறை இல்லை.
2. இரண்டு படங்களைக் காட்டுங்கள். "இந்த ரெண்டுல எதை வச்சுக்கலாம்? ஏன்?" என்று கேட்டால், பார்ப்பவர் தானாகவே காரணம் சொல்லத் தொடங்குவார்.
3. குறிப்பான கேள்வி கேளுங்கள். "பாத்ததும் உங்க கண்ணு முதல்ல எங்க போகுது?" "பின்னாடி இருக்கிற பூ உதவுதா, இல்ல கவனத்தை இழுக்குதா?" "அவ என்ன நெனைக்கிறான்னு உங்களுக்குத் தோணுது?"

கருத்தைக் கேட்கும்போது குறுக்கே பேசாதீர்கள். "இல்ல, அது வந்து, வெயில் அதிகம், அதனாலதான்..." என்று விளக்கம் சொல்லத் தொடங்கினால், எதிரில் இருப்பவர் மனத்தில் பட்டதைச் சொல்வதை நிறுத்திவிடுவார். குறித்துக்கொள்ளுங்கள். புரியாததை மட்டும் திருப்பிக் கேளுங்கள். எல்லாவற்றையும் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் மூன்று பேர் ஒரே இடத்தைச் சுட்டினால், அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது.

பார்ப்பது எப்படி?

கலைக் கல்வியில் எட்மண்ட் ஃபெல்ட்மன் வகுத்த நான்கு படிகள் பல நாட்டு வகுப்பறைகளில் பயன்படுகின்றன: வருணித்தல், பகுத்தாய்தல், பொருள்கொள்ளுதல், மதிப்பிடுதல். வரிசை முக்கியம். நாமோ பெரும்பாலும் நான்காவது படியில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறோம்.

முதலில், கண்ணில் படுவதை மட்டும் சொல்லுங்கள்: "ஒரு சிறுமி. வயது ஐந்து இருக்கலாம். இடது கன்னத்தில் வெளிச்சம். பின்னால் வெள்ளைப் பூச்சரங்கள்." அடுத்து, அவை எப்படி அமைந்திருக்கின்றன என்று பாருங்கள். பிறகு, படம் என்ன உணர்த்துகிறது? கடைசியாகத்தான், எது சரியாக அமைந்தது, எதை மாற்றலாம் என்ற மதிப்பீடு.

நெருக்கப் படத்தில் கவனிக்க வேண்டிய ஐந்து இடங்கள் இவை.

கண். முகம் மட்டும் இருக்கும் படத்தில் பார்ப்பவர் முதலில் கண்ணைத் தேடுவார். மூக்கு நுனி கூர்மையாகவும் கண் மங்கலாகவும் இருந்தால் படம் தளர்ந்துவிடும். கைப்பேசித் திரையில், நமக்கு அருகில் இருக்கும் கண்ணைத் தொட்டு ஃபோகஸ் செய்துவிட்டு எடுக்க வேண்டும். கருவிழியில் ஒரு சிறு ஒளிப்புள்ளி தெரிந்தால் முகத்துக்கு உயிர் வரும்.

தூரம். என் மாணவனின் படத்தில் தங்கையின் மூக்கு பெரிதாகத் தெரிந்தது. மூக்கு அப்படி இல்லை. எடுத்த தூரம் அப்படி. மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே சுமார் 10 செண்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கைப்பேசியை மூக்கிலிருந்து 30 செண்டிமீட்டரில் பிடித்தால் காது 40 செண்டிமீட்டரில் இருக்கும். அப்போது காதோடு ஒப்பிட மூக்கு மூன்றில் ஒரு பங்கு பெரிதாகப் பதிவாகும். அதே கைப்பேசியோடு 150 செண்டிமீட்டர் பின்னால் போனால் காது 160இல் இருக்கும். வேறுபாடு சுமார் 7 விழுக்காடுதான். அதனால் பின்னால் போய், இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுப்பது நல்லது. மெக்கரி அந்தப் படத்துக்கு 105 மில்லிமீட்டர் லென்ஸைப் பயன்படுத்தியதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. முகத்தை ஒட்டி நிற்காமலேயே முகத்தை நிரப்ப அந்த லென்ஸ் உதவும்.

உயரம். நின்றபடியே கீழே பார்த்து எடுத்தால் நெற்றி பெரிதாகவும் தாடை சிறிதாகவும் தெரியும். குழந்தையும் அண்ணாந்து பார்க்கும். முழங்காலிட்டு, குழந்தையின் கண் மட்டத்துக்கு இறங்குங்கள்.

வெளிச்சம். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. நம் கடிகாரமும் சூரியனைவிடச் சுமார் ஒரு மணி நேரம் முந்தி ஓடுகிறது. அதனால் இங்கே உச்சி வெயில் 12 மணிக்கு இல்லை, ஏறக்குறைய 1 மணிக்கு. சாப்பிட்டுவிட்டு வெளியே வந்து படம் எடுக்கும் நேரம் சரியாக அதுதான். தலைக்கு மேலிருந்து விழும் வெயிலில் கண்குழிகள் இருண்டுபோகும். தீர்வு லிட்டில் இந்தியாவிலேயே இருக்கிறது: கடைவீடுகளின் முன்னால் உள்ள ஐந்தடி நடைபாதை. 1822இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்திலிருந்து வந்த இந்த மூடிய நடைபாதையில் நின்று, குழந்தையின் முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பினால், மேலிருந்து வெயில் விழாது. பக்கவாட்டிலிருந்து மென்மையான ஒளி வரும். வண்ணச் சுவர்கள் பக்கத்தில் மட்டும் கவனம் தேவை. கெர்பாவ் சாலையில் பல நிறங்களில் மின்னும் டான் டெங் நியா இல்லம் போன்ற இடங்களில் சுவரின் நிறம் கன்னத்தில் ஏறிவிடும்.

பின்னணி. தலைக்குப் பின்னால் கம்பமோ விளம்பர எழுத்தோ நீட்டிக்கொண்டிருக்கிறதா? ஓர் அடி தள்ளி நின்றாலே போதும், பல நேரம் சரியாகிவிடும்.

"கறுப்பா இருக்கு" என்று சொல்வதற்கு முன்

இதைத் தனியாகப் பேச வேண்டும். அன்று என் வகுப்பில் எழுந்த சிரிப்பு இதனால்தான்.

படத்தில் அந்த முகம் இருண்டிருந்தது உண்மை. காரணம் தோல் நிறம் அன்று. தானியங்கிக் கேமரா தன் முன்னால் இருப்பதையெல்லாம் சேர்த்து ஒரு நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். பின்னால் வெயிலில் பளிச்சென்ற மல்லிகைச் சரங்கள் இருந்ததால், "வெளிச்சம் அதிகம்" என்று முடிவு செய்து மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிட்டது. முகத்தைத் தொட்டு வெளிச்ச அளவைச் சற்று உயர்த்தியிருந்தால், கன்னத்தின் வளைவும் முடியின் இழைகளும் தெரிந்திருக்கும். முகம் தன் உண்மையான நிறத்திலேயே இருந்திருக்கும்.

இந்தக் குழப்பத்துக்கு வரலாறும் உண்டு. கோடாக் நிறுவனத்தின் படச்சுருளைக் கழுவிய கூடங்களில், நிறத்தைச் சரிபார்க்க 'ஷெர்லி அட்டை' என்ற ஒன்று பல்லாண்டுகள் பயன்பட்டது. அதில் இருந்தவர் வெள்ளைத் தோல் கொண்ட பெண். அவர் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்பது கணக்கு. பல நிறத்தவரும் இருக்கும் அட்டை 1990களில்தான் வந்தது. கருவி யாருக்காக அளவெடுக்கப்பட்டதோ அவருக்கே நன்றாக வேலை செய்தது.

ஆக, "முகத்துல வெளிச்சம் பத்தல" என்பது கருத்து. "கறுப்பா இருக்கா" என்பது கருத்தன்று. முதலாவதைக் கேட்டு எடுத்தவர் எதையாவது மாற்ற முடியும். இரண்டாவதைக் கேட்டு ஒரு குழந்தை என்ன செய்ய முடியும்? ஆசிரியர்கள் அந்த இடத்தில் நிறுத்தி, "வெளிச்சத்தைப் பத்திச் சொல்றியா, ஆளைப் பத்திச் சொல்றியா?" என்று கேட்டாலே போதும். நான் அன்று கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

சொல்வது எப்படி? பேச்சிலும் எழுத்திலும்

அமெரிக்க ஆசிரியர் ரான் பெர்கர் மாணவர்களுக்கு மூன்று விதிகளைச் சொல்வார்: கருத்து கனிவாக இருக்க வேண்டும், குறிப்பாக இருக்க வேண்டும், உதவியாக இருக்க வேண்டும். ஆஸ்டின் என்ற முதலாம் வகுப்புச் சிறுவன் ஒரு வண்ணத்துப்பூச்சியை வரைந்ததை அவர் எடுத்துக்காட்டுவார். வகுப்பு நண்பர்கள் "இறக்கையைக் கொஞ்சம் கூராக்கு" என்பதுபோல் குறிப்பாகச் சொல்லச் சொல்ல, அவன் மறுபடி மறுபடி வரைந்து, கடைசியில் அறிவியல் நூலில் வைக்கத்தக்க படத்தை உருவாக்கினான். யாரும் "சூப்பர்" என்று முதல் படத்தோடு நிறுத்திவிடவில்லை.

இனி, தேர்வு மாணவர்களுக்கு. வாய்மொழித் தேர்வில் காணொளியைப் பார்த்து உரையாடும்போதும் இதே திறன்தான் வேண்டும்: பார்த்ததைச் சொல்வது, காரணம் தருவது, மாற்றுவழி கூறுவது. ஒரே கருத்தின் இரண்டு வடிவங்களைப் பாருங்கள்.

பேச்சில்: "எனக்கு முதல்ல அந்தப் பொண்ணோட கண்ணுதான் தெரியுது. அது தெளிவா இருக்கிறதால அவ நம்மளையே பாக்குற மாதிரி இருக்கு. ஆனா வெயில் மேலேருந்து நேரா விழுறதால கண்ணுக்குக் கீழ நிழல் விழுந்திருக்கு. அஞ்சடிப் பாதையில நிக்க வச்சு எடுத்திருந்தா முகம் இன்னும் நல்லாத் தெரிஞ்சிருக்கும்னு நெனைக்கிறேன்."

எழுத்தில்: "இப்படத்தில் முதலில் நம் பார்வையை ஈர்ப்பவை சிறுமியின் கண்கள். அவை தெளிவாக அமைந்திருப்பதால், அவள் நம்மையே பார்ப்பதுபோல் தோன்றுகிறது. எனினும், வெயில் நேராக மேலிருந்து விழுவதால் கண்களுக்குக் கீழே நிழல் படிந்துள்ளது. ஐந்தடி நடைபாதையில் நிற்கவைத்து எடுத்திருந்தால் முகம் மேலும் தெளிவாகத் தெரிந்திருக்கும் என்பது என் கருத்து."

இவற்றில் கவனிக்க வேண்டியவை:

- "எடுத்திருந்தால் … தெரிந்திருக்கும்": நடந்து முடிந்ததைக் குறைகூறாமல் மாற்றுவழி சொல்ல உதவும் அமைப்பு. "தப்பா எடுத்துட்ட" என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.
- "இருப்பதால்", "விழுவதால்": ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு காரணம். இது இல்லாவிட்டால் கருத்து வெறும் விருப்பு வெறுப்பாகிவிடும்.
- வாக்கியத்தின் எழுவாய் பெரும்பாலும் வெயில், நிழல், முகம், கண்கள். "நீ" என்று தொடங்கும் வாக்கியம் ஒன்றுகூட இல்லை.
- "ஈர்ப்பவை … கண்கள்": பன்மைக்குப் பன்மை. இங்கே பலர் "ஈர்ப்பது" என்று எழுதிவிடுகிறார்கள்.
- நிழல் + படம் = நிழற்படம்; ஒளி + படம் = ஒளிப்படம். வெளிச்சத்துக்கு 'ஒளி', ஓசைக்கு 'ஒலி'. அவசரத்தில் மாற்றி எழுதிவிடாதீர்கள்.

அனுமதி

சிங்கப்பூரின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2012இல் இயற்றப்பட்டது. ஒருவரை அடையாளம் காட்டும் முகப்படமும் தனிநபர் தரவாகும். சொந்தத் தேவைக்காகவோ குடும்பத்துக்காகவோ படம் எடுப்பவரை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. ஆனாலும் சட்டம் தடுக்கவில்லை என்பதாலேயே ஒன்று முறையாகிவிடாது. தேக்காவில் முன்பின் தெரியாத குழந்தையை நெருக்கத்தில் எடுப்பதற்கு முன் பெற்றோரிடம் கேளுங்கள். "ஆண்டி, பள்ளிக்கூட வேலைக்காக ஒரு படம் எடுத்துக்கட்டுமா? வகுப்புல மட்டும்தான் காட்டுவேன்" என்ற இரண்டு வாக்கியம் போதும். அது நல்ல பேச்சுப் பயிற்சியும்கூட. குழந்தையிடமும் கேளுங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதுவே பதில். வகுப்புக்கு என்று வாங்கிய அனுமதி இணையத்துக்குச் செல்லாது.

முப்பது நிமிட வகுப்புப் பயிற்சி

1. மூவர் கொண்ட குழுக்களாகப் பிரியுங்கள். ஒருவர் இரண்டு படங்களையும் ஒரு கேள்வியையும் முன்வைக்கட்டும். (3 நிமிடம்)
2. மற்ற இருவரும் பேசாமல் பார்க்கட்டும். (1 நிமிடம், நீளமாகத் தோன்றும், ஆனால் குறைக்காதீர்கள்)
3. வருணனை மட்டும். "நல்ல", "அழகான" என்ற சொற்களுக்கு இங்கே தடை. (4 நிமிடம்)
4. ஒவ்வொருவரும் பேச்சுத் தமிழில், காரணத்தோடு, சரியாக அமைந்த ஒன்றையும் மாற்றக்கூடிய ஒன்றையும் சொல்லட்டும். (6 நிமிடம்)
5. கேட்டவர் தாம் எதை ஏற்கிறார், எதை ஏற்கவில்லை என்று சொல்லட்டும். (4 நிமிடம்)
6. அதே கருத்தை அனைவரும் எழுத்துத் தமிழில் ஐந்து வாக்கியங்களாக எழுதட்டும். (12 நிமிடம்)

சொந்தப் படம் இல்லாத வகுப்புகளுக்கு, 2014இல் தொடங்கிய பாரி இணையத்தளத்தில் மதுரையைச் சேர்ந்த ஒளிப்படக்காரர் எம். பழனிகுமார் எடுத்த உழைக்கும் மக்களின் படங்கள் நல்ல பாடப்பொருள். கட்டுரைகளைத் தமிழிலும் படிக்கலாம். படக்கலையில் மேலும் ஆர்வம் உள்ளவர்கள் மிடில் சாலையில் உள்ள ஒப்ஜெக்டிஃப்ஸ் ஒளிப்பட, திரைப்பட நிலையத்தின் கண்காட்சிகளைப் பார்க்கலாம். லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போய்விடலாம்.

கடைசியாக

அந்த மாணவனிடம் மறுவாரம் மன்னிப்புக் கேட்டேன். படத்தை மறுபடி இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். கண் கூர்மையாக இருந்தது. அதை முதலில் சொன்னேன். தூரத்தையும் வெளிச்சத்தையும் பற்றிப் பேசினோம். இரண்டு வாரம் கழித்து, மாலை 6 மணிக்கு, ஐந்தடி நடைபாதையில் தங்கையை நிற்கவைத்து மறுபடி எடுத்து வந்தான். மொத்தம் பதினொரு படங்கள்.

"எதைக் காட்டப்போற?" என்று கேட்டேன்.

"அவகிட்ட கேட்டேன் டீச்சர். பல்லு விழுந்தது தெரியுற படம்தான் வேணுமாம்."

அதைத்தான் காட்டினான். இந்த முறை வகுப்பு ஒரு நிமிடம் பேசாமல் பார்த்தது. பிறகு முதல் கை உயர்ந்தது: "டீச்சர், அந்தப் பல்லு இல்லாத இடத்துல லேசா நிழல் இருக்கிறதால, அவ சிரிக்கிறது இன்னும் நல்லாத் தெரியுது."

முன்பு "பிரைட் பண்ணுடா" என்று சொன்ன அதே மாணவன்தான்.